நாய்க்கு ஸ்போர்ட்ஸ் கிளாஸ்... அங்கே கற்றுக்கொள்ளப்போவது நாயா, ஓனரா? முழு விளக்கம்!

2024-ம் ஆண்டு மே மாதம். யு.எஸ். ஓபன் டென்னிஸ் நடக்கும் அதே நியூயார்க் வளாகத்தில் வேறொரு போட்டி. களத்தில் பந்து இல்லை, ராக்கெட் இல்லை. தாண்டுவதற்குக் கட்டைகள், நுழைந்து வெளியே வர டன்னல்கள், வளைந்து நெளிந்து ஓட வரிசையாக நட்ட கம்பங்கள். வெஸ்ட்மின்ஸ்டர் நாய்க் கண்காட்சியின் அஜிலிட்டி சாம்பியன்ஷிப் அது. பட்டத்தை வென்றது ‘நிம்பிள்’ என்ற குட்டியூண்டு நாய். மொத்தத் தடைகளையும் 29 விநாடிக்குள் முடித்துவிட்டது.

செய்தியானது வேகத்தால் மட்டுமல்ல. நிம்பிள் கலப்பின நாய். பார்டர் கோலி பாதி, பாப்பியோன் பாதி. வம்சாவளிச் சான்றிதழ் வைத்திருக்கும் நாய்களுக்கே பேர்போன ஒரு நிகழ்ச்சியில், கலப்பின நாய் ஒன்று அஜிலிட்டி பட்டத்தைத் தட்டிச் சென்றது அதுதான் முதல் முறை.

சரி, கோப்பையை விடுங்கள். நம்மில் பெரும்பாலானவர்களின் நாய் எந்தப் போட்டிக்கும் போகப்போவதில்லை. ஆனால் அந்தப் போட்டிக்காக உருவான பயிற்சி வகுப்புகள் சாதாரண வீட்டு நாய்க்கும் அதை வளர்ப்பவருக்கும் என்ன செய்கின்றன என்பதுதான் இங்கே கேள்வி. சோபாவைக் கடித்துக் குதறுகிறது, காலிங் பெல் அடித்தால் அரை மணி நேரம் குரைக்கிறது, லீஷை மாட்டினால் ஆளையே இழுத்துக்கொண்டு ஓடுகிறது... இப்படிப் புலம்பும் ஓனர்கள் இதைக் கொஞ்சம் பொறுமையாகப் படிக்கலாம்.

பிரச்னை நாயிடம் இல்லை, அதன் டைம்டேபிளில்!

நகரத்து அபார்ட்மென்ட்டில் வளரும் ஒரு நாயின் ஒரு நாளை யோசித்துப் பாருங்கள். காலையில் பத்து நிமிடம் கேட் வரை ஒரு நடை. பிறகு எல்லோரும் ஆபீஸ், ஸ்கூல் என்று கிளம்பிவிடுவார்கள். எட்டு, ஒன்பது மணி நேரம் தனிமை. மாலையில் மறுபடியும் பத்து நிமிடம். சாப்பாடு கிண்ணத்தில் தானாக வந்து விழுந்துவிடும். தேட வேண்டாம், துரத்த வேண்டாம், யோசிக்க வேண்டாம்.

ஆனால் அந்த உடம்பும் மூளையும் இதற்காக உருவானவை அல்ல. பார்டர் கோலி ஆட்டு மந்தையை மேய்க்க உருவாக்கப்பட்டது. லாப்ரடார், சுட்டு வீழ்த்திய பறவையைக் கவ்விக்கொண்டு வர. பீகிள், முயலின் வாசனையைப் பிடித்துக்கொண்டு மணிக்கணக்கில் ஓட. நம்ம ஊர் சிப்பிப்பாறையும் கன்னியும் திறந்த வெளியில் முயலைக் கண்ணால் பார்த்துத் துரத்த வளர்க்கப்பட்டவை. வேலையைப் பிடுங்கிவிட்டோம். வேலை செய்யும் ஆசையைப் பிடுங்க முடியவில்லை. அந்த ஆசைதான் சோபாவில், செருப்பில், டெலிவரி பாய் மீது காட்டப்படுகிறது.

டாக் ஸ்போர்ட்ஸ் என்பது, சுருக்கமாகச் சொன்னால், நாய்க்கு மறுபடியும் ஒரு வேலை கொடுப்பது. கூட வேலை பார்க்கும் ஆள் நீங்கள்.

குதிரையைப் பார்த்து நாய்க்கு

இவற்றில் மிகப் பிரபலமானது அஜிலிட்டி. அது பிறந்த கதை சுவாரஸ்யமானது. 1978-ல் லண்டனில் நடந்த கிரஃப்ட்ஸ் நாய்க் கண்காட்சியில் இரண்டு பெரிய நிகழ்ச்சிகளுக்கு நடுவே கொஞ்சம் இடைவெளி. பார்வையாளர்களுக்கு போரடிக்காமல் ஏதாவது செய்ய வேண்டுமே என்று ஏற்பாட்டுக் குழுவைச் சேர்ந்த ஜான் வார்லி யோசித்தார். குதிரைகள் தடை தாண்டும் போட்டி மாதிரியே நாய்களை வைத்து நடத்தினால் என்ன? பீட்டர் மீன்வெல் என்ற பயிற்சியாளரின் உதவியோடு தடைகளை அமைத்து நாய்களை ஓடவிட்டார்கள். இடைவேளையை நிரப்ப வந்த அயிட்டம் கூட்டத்துக்குப் பிடித்துப்போய், அடுத்த சில ஆண்டுகளில் முறையான விளையாட்டாகவே மாறிவிட்டது.

வேறு விளையாட்டுகளும் உண்டு. ஃப்ளைபால் என்பது நான்கு நாய்கள் சேர்ந்து ஓடும் ரிலே: தடைகளைத் தாண்டிப் போய், பெட்டியை மிதித்து, எகிறி வரும் பந்தைக் கவ்விக்கொண்டு திரும்பி வர வேண்டும். ரேலி என்பதில் வழியெங்கும் போர்டுகள் இருக்கும்; அதில் உள்ளபடி உட்காருவது, திரும்புவது, சுற்றி வருவது என ஓனரும் நாயும் சேர்ந்தே செய்ய வேண்டும். நோஸ்வொர்க் என்பது மோப்ப விளையாட்டு. அதைப் பற்றித் தனியாகவே பேச வேண்டியிருக்கிறது, கீழே வருகிறது.

முதல் நாளே தாவ வைப்பார்களா?

இல்லை. பலர் ஏமாந்துபோகும் இடம் இதுதான். யூடியூபில் பார்த்த மாதிரி நாய் பறக்கும் என்று நினைத்துப் போவார்கள். நல்ல வகுப்பில் முதல் சில வாரங்கள் தடைக்கட்டை தரையிலேயே கிடக்கும். நாய் அதன் மேல் நடந்துதான் போகும்.

அப்போ அந்த வாரங்களில் என்னதான் நடக்கும்? மற்ற ஐந்து நாய்கள் சுற்றி இருக்கும்போது உங்கள் நாய் உங்களைத் திரும்பிப் பார்க்கிறதா என்று பார்ப்பார்கள். பார்த்தால் ஒரு சின்ன ட்ரீட். தன் முறை வரும் வரை ஒரு பாயில் அமைதியாகப் படுத்திருக்கப் பழக்குவார்கள். கூப்பிட்டால் வருவது, நில் என்றால் நிற்பது. ஆடும் பலகை மேல் ஒரு கால் வைப்பது, பிறகு இரண்டு கால், பிறகு நான்கும். சின்ன டன்னலின் ஒரு பக்கம் நாய், மறுபக்கம் ஓனர்.

பார்ப்பதற்கு விளையாட்டு மாதிரியே இருக்காது. ஆனால் வீட்டுக்கு எடுத்துப் போக வேண்டிய சரக்கு முழுக்க இதில்தான் இருக்கிறது. தன் முறைக்காகப் பாயில் காத்திருக்கப் பழகிய நாய், விருந்தாளி வரும்போதும் அதையே செய்யும் வாய்ப்பு அதிகம். மற்ற நாய்கள் ஓடும் இடத்தில் ஓனரைக் கவனிக்கப் பழகிய நாயை, ரோட்டில் பூனை குறுக்கே ஓடும்போது நிறுத்துவது சுலபம்.

சீசாவை எடுத்துக்கொள்ளுங்கள். குழந்தைகள் விளையாடும் அதே சீசாதான். நாய் ஒரு முனையில் ஏறி நடுவைத் தாண்டும்போது பலகை சாய்ந்து ‘டங்’ என்று தரையில் மோதும். காலுக்குக் கீழே தரையே நழுவுகிறது, கூடவே சத்தம். பயந்த சுபாவமுள்ள நாய்க்கு அது பேய்ப் படம். அதனால் முதலில் பலகையைத் தரையோடு தரையாக வைத்து, முனைக்குக் கீழே மெத்தை போட்டு, சாய்வை அங்குலம் அங்குலமாகத்தான் கூட்டுவார்கள். எந்த இடத்திலும் நாயைத் தூக்கி ஏற்றக் கூடாது. அதுவாக ஏற வேண்டும். ‘நான் செஞ்சதாலதான் இந்தச் சத்தம் வந்துச்சு, அப்புறம் நல்லது நடந்துச்சு’ என்று நாய்க்குப் புரிவதுதான் பாடம்.

நாய் உங்கள் வாயைக் கேட்பதில்லை, காலைப் பார்க்கிறது

இப்போது முக்கியமான விஷயத்துக்கு வருவோம்.

அஜிலிட்டி போட்டியில் 15 முதல் 22 தடைகள் வரை இருக்கும். அவற்றை எந்த வரிசையில் தாண்ட வேண்டும் என்று எண் போட்டு வைத்திருப்பார்கள். நாய்க்கு எண் தெரியாது. அந்தக் களத்தை அது முன்பு பார்த்ததும் கிடையாது. போட்டிக்கு முன் சில நிமிடங்கள் ஓனர்களை மட்டும் உள்ளே விடுவார்கள். கைகளை ஆட்டிக்கொண்டு, தனக்குத்தானே முணுமுணுத்தபடி, இல்லாத நாயோடு அவர்கள் நடந்து பார்ப்பது பார்க்கவே வேடிக்கையாக இருக்கும். வழியை மனப்பாடம் செய்கிறார்கள். பிறகு நாயோடு ஓடும்போது லீஷ் கிடையாது. நாயைத் தொடக் கூடாது. கையில் ட்ரீட்டும் கூடாது. குரலும் உடம்பும் மட்டும்தான்.

அங்கேதான் பல ஓனர்களுக்கு முதல் அதிர்ச்சி. வாய் ‘டன்னல், டன்னல்’ என்று கத்தும். பாதமும் தோளும் பக்கத்திலுள்ள கட்டையைப் பார்த்து நிற்கும். நாய் எதை நம்பும்? பெரும்பாலும் பாதத்தை. கட்டையைத் தாண்டிவிட்டு ஆசையாகத் திரும்பிப் பார்க்கும். ஓனருக்கோ கோபம்: ‘சொல்றதையே கேக்க மாட்டேங்குது!’

அது கேட்கத்தான் செய்தது. உடம்பு சொன்னதைக் கேட்டது. மனிதர்கள் ஓடும் திசை, தோள் திரும்பும் பக்கம், வேகம் குறைவது... இவற்றைப் படிப்பதில் நாய்கள் கில்லாடிகள். வார்த்தை அவற்றுக்கு இரண்டாம் பட்சம். நல்ல பயிற்சியாளர் நாயைத் திட்டாமல் ஓனரை நிறுத்தி, ‘உங்க கால் எங்க பார்த்துச்சு?’ என்று கேட்பது இதனால்தான்.

இது களத்தோடு முடிவதில்லை. கதவைத் திறக்கும்போது நாய் ஏன் தாவுகிறது? ‘இறங்கு, இறங்கு’ என்று சொல்லிக்கொண்டே அதன் முன்னங்கால்களைக் கையில் பிடித்துக்கொண்டிருப்போம். வார்த்தை ஒன்று, உடம்பு ஒன்று. கூப்பிட்டால் வராத நாயைப் பார்த்து நாமே அதை நோக்கி ஓடுவோம். நாய்க்கு அது ‘என்னைத் துரத்து’ விளையாட்டு. திரும்பி எதிர்ப்பக்கம் ஓடினால் அதுவே பின்னால் ஓடி வரும். இதையெல்லாம் புத்தகத்தில் படித்தால் மண்டையில் ஏறாது. ஒரு வகுப்பில் நான்கு முறை தோற்றால் ஏறிவிடும்.

நாயின் தரப்பை வாசிக்கவும் இங்கேதான் பழகுவோம். உதட்டை நக்குவது, தூக்கம் வராமலே கொட்டாவி விடுவது, திடீரென்று தரையை மோப்பம் பிடிப்பது, முகத்தைத் திருப்பிக்கொள்வது: பல நேரங்களில் இவை ‘எனக்கு இது கஷ்டமா இருக்கு’ என்பதன் அறிகுறிகள். கடி என்பது பெரும்பாலும் கடைசிக் கட்டம். அதற்கு முன்னால் நாய் பலமுறை சொல்லியிருக்கும், யாரும் கவனித்திருக்க மாட்டார்கள். குழந்தைகள் இருக்கும் வீட்டில் இந்த ஒரு பாடத்துக்காகவே வகுப்புக்குப் போகலாம்.

ஓனருக்கு டென்ஷன் என்றால் நாய்க்கும் டென்ஷனா?

ஸ்வீடனின் லின்ஷோப்பிங் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2019-ல் வெளியிட்ட ஆய்வு இதைத்தான் சோதித்தது. பார்டர் கோலி, ஷெட்லாண்ட் ஷீப்டாக் வகைகளைச் சேர்ந்த 58 நாய்கள், அவற்றின் ஓனர்கள். இரு தரப்பின் முடியையும் எடுத்து அதில் கார்டிசால் அளவைப் பார்த்தார்கள். கார்டிசால் என்பது மன அழுத்தத்தின்போது சுரக்கும் ஹார்மோன். முடி வளர வளர அதில் படிந்துகொண்டே போகும். ஆகவே அன்றைய மூடை அல்ல, பல மாதக் கணக்கை முடி காட்டிக்கொடுத்துவிடும்.

முடிவு: ஓனரின் அளவு கூடுதலாக இருந்த இடத்தில் நாயின் அளவும் கூடுதலாக இருந்தது. அதிலும் போட்டிகளில் கலந்துகொள்ளும் ஜோடிகளிடம் இந்த ஒற்றுமை இன்னும் வலுவாகத் தெரிந்தது.

இதை இரண்டு விதமாகவும் படிக்கலாம். சேர்ந்து பயிற்சி செய்பவர்கள் ஒருவரோடு ஒருவர் அவ்வளவு நெருங்கிவிடுகிறார்கள் என்பது ஒன்று. ஆபீஸ் எரிச்சலை அப்படியே வகுப்புக்குக் கொண்டுவந்தால் அது லீஷ் வழியாக நாய்க்கு இறங்கக்கூடும் என்பது இன்னொன்று. கோப்பை வெறியோடு நாயை ஓட்டும் ஓனர்கள் இரண்டாவதைக் கொஞ்சம் யோசிப்பது நல்லது.

ஓடாமலே களைப்பு: மோப்ப விளையாட்டு

எல்லா நாயும் தாவ முடியாது. வயதான நாய், மூட்டு வலி உள்ள நாய், குண்டான நாய், மற்ற நாய்களைக் கண்டாலே நடுங்கும் நாய்... இவற்றுக்கெல்லாம் பொருத்தமானது நோஸ்வொர்க். இன்றைய வடிவில் இது அமெரிக்காவின் கலிபோர்னியாவில் 2000-களில் வந்தது. வெடிகுண்டு, போதைப்பொருள் தேடும் மோப்ப நாய்களின் பயிற்சியை வீட்டு நாய்க்கு விளையாட்டாக மாற்றினார்கள். போட்டியில் தேட வைக்கும் வாசனைகளில் ஒன்று என்ன தெரியுமா? நம்ம கிராம்பு! கிராம்பு எண்ணெயில் பட்ட பஞ்சுக்குச்சியை எங்காவது ஒளித்து வைத்துவிடுவார்கள். நாய் கண்டுபிடிக்க வேண்டும். (எண்ணெயை நாய் நக்கும்படி வைக்கக் கூடாது, மூடிய டப்பாவுக்குள்தான் இருக்க வேண்டும்.)

மனித மூக்கில் வாசனையை உணரும் செல்கள் சுமார் 50 - 60 லட்சம். நாய்க்கு 20 கோடிக்கு மேல் என்று பொதுவாகக் கணக்கிடுகிறார்கள். நமக்குக் கண் எப்படியோ நாய்க்கு மூக்கு அப்படி. வாக்கிங் போகும்போது ஒவ்வொரு கம்பத்திலும் நின்று மோந்து பார்ப்பதை ‘வா, வா’ என்று இழுக்கிறோமே, அது பேப்பர் படித்துக்கொண்டிருப்பவரின் கையிலிருந்து பேப்பரைப் பிடுங்குவது மாதிரி.

இதற்கும் ஒரு ஆய்வு உண்டு. 2019-ல் ஷார்லட் டுரான்டன், அலெக்ஸாண்ட்ரா ஹோரோவிட்ஸ் இருவரும் வெளியிட்டது. முதலில் நாய்களுக்கு ஒரு விஷயம் பழக்கினார்கள்: கிண்ணம் ஒரு பக்கம் இருந்தால் உள்ளே சாப்பாடு இருக்கும், மறுபக்கம் இருந்தால் காலி. பிறகு கிண்ணத்தை நட்ட நடுவில் வைத்தார்கள். ‘இருக்கும்’ என்று நம்பும் நாய் வேகமாகப் போகும். ‘எங்க இருக்கப்போகுது’ என்று நினைக்கும் நாய் தயங்கும். பிறகு இரண்டு வாரம் ஒரு பிரிவுக்கு மோப்பப் பயிற்சி, இன்னொரு பிரிவுக்கு ஓனரின் காலை ஒட்டி நடக்கும் பயிற்சி. மறுபடி சோதித்தபோது, மோப்பப் பயிற்சி பெற்ற நாய்கள் நடுக் கிண்ணத்தை நோக்கி முன்பைவிட வேகமாகப் போயின. காலை ஒட்டி நடந்த நாய்களிடம் அந்த மாற்றம் இல்லை. ட்ரீட் இரண்டு பிரிவுக்கும்தான் கிடைத்தது. வித்தியாசம், ஒன்றில் நாய் தானே தேடி, தானே முடிவெடுத்தது.

சின்ன ஆய்வுதான், அதை வைத்துப் பெரிதாக எதையும் கட்டிவிட முடியாது. ஆனாலும் அபார்ட்மென்ட் நாய்களை நினைத்தால் மனதில் நிற்கும் ஆய்வு.

வீட்டிலேயே தொடங்குவது எப்படி?

மோப்ப விளையாட்டின் முதல் படிக்கு வகுப்பே தேவையில்லை. ஆன்லைன் டெலிவரியில் வந்த அட்டைப்பெட்டிகள் மூன்று போதும். ஸ்டேப்ளர் பின், டேப் எல்லாவற்றையும் எடுத்துவிடுங்கள். நாய் பார்க்கும்போதே ஒரு பெட்டியில் வேகவைத்த சிக்கன் துண்டு ஒன்றைப் போடுங்கள். உப்பு, மசாலா கூடாது. நாயை விடுங்கள். அது பெட்டிக்குள் மூக்கை விட்டுத் தின்றதும், அதே பெட்டியில் இன்னொரு துண்டு போடுங்கள். வாசனை இருந்த இடத்திலேயே பரிசு கிடைக்க வேண்டும், உங்கள் கையில் அல்ல.

நான்கைந்து முறை ஆன பிறகு நாயை வேறு அறையில் விட்டுவிட்டு ஒளித்து வையுங்கள். பெட்டிகளின் இடத்தை மாற்றுங்கள். இங்கே உங்களுக்கு ஒரே ஒரு வேலை: சும்மா இருப்பது. ‘அங்க பாரு, இங்க பாரு’ என்று கை காட்டினால் ஆட்டமே கெட்டது. நாய் மூக்கை விட்டுவிட்டு உங்கள் கையைப் படிக்க ஆரம்பித்துவிடும். பத்து நிமிடம் போதும். முடிந்ததும் பல நாய்கள் தண்ணீர் குடித்துவிட்டு நீட்டிப் படுத்துவிடும்.

ட்ரீட் அளவு பொட்டுக்கடலை சைஸ் இருந்தால் போதும், அன்றைய சாப்பாட்டில் அதைக் கழித்துவிடுங்கள். பால் பிஸ்கட் பாக்கெட்டை அப்படியே கொட்டும் பழக்கம் வேண்டாம். சாக்லேட், திராட்சை, வெங்காயம் நாய்க்கு விஷம், ஆசைக்குக்கூடக் கூடாது.

அடிபடுமா? ஆபத்து இல்லையா?

உண்டு. இதைச் சொல்லாமல் வகுப்புக்குப் போங்கள் என்று சொல்வது நியாயமில்லை. அஜிலிட்டி நாய்களின் ஓனர்களிடம் பல நாடுகளில் நடத்திய கருத்துக்கணிப்புகளில், ஏறக்குறைய மூன்றில் ஒரு நாய்க்கு ஏதோ ஒரு காயம் ஏற்பட்டதாகத் தெரியவந்தது. தோள்பட்டைக் காயம் அதில் முக்கியமானது. ஏறி இறங்கும் சாய்வுப் பலகைகளின் கீழ்ப்பகுதிக்குத் தனி வண்ணம் அடித்து, அதில் நாயின் கால் கட்டாயம் பட வேண்டும் என்று விதி வைத்திருப்பதும் பாதுகாப்புக்காகத்தான். இல்லாவிட்டால் வேக வெறியில் உச்சியிலிருந்தே குதித்துவிடும். மொத்த எடையும் முன்னங்காலில் இறங்கும்.

குட்டிகள் விஷயத்தில் இன்னும் கவனம் வேண்டும். வளரும் எலும்பின் முனையிலுள்ள வளர்ச்சித் தட்டு கெட்டிப்படாத வயதில் திரும்பத் திரும்பத் தாவினால், பாதிப்பு வாழ்நாள் முழுக்க நிற்கலாம். அமெரிக்காவில் 15 மாதம், பிரிட்டனிலும் எஃப்.சி.ஐ. எனும் சர்வதேச அமைப்பின் போட்டிகளிலும் 18 மாதம் ஆகாத நாய்க்கு அனுமதி கிடையாது. பெரிய சைஸ் நாய்களுக்கு எலும்பு முதிர இன்னும் தாமதமாகும். ஐந்து மாதக் குட்டியை உயரம் தாண்ட வைத்து ரீல்ஸ் போடும் பயிற்சியாளரைப் பார்த்தால், நைசாக வெளியே வந்துவிடுங்கள்.

சேர்ப்பதற்கு முன் கால்நடை மருத்துவரிடம் ஒருமுறை காட்டுவது அவசியம். எடை சரியா என்று நீங்களே பார்க்க ஒரு வழி: விரல்களால் விலாவைத் தடவுங்கள். அழுத்தாமலே எலும்புகள் தட்டுப்பட வேண்டும். தேடிக் கண்டுபிடிக்க வேண்டியிருந்தால் முதலில் டயட், பிறகுதான் தாவல்.

சென்னை வெயிலில் இதெல்லாம் நடக்குமா?

நடக்கும், நேரம் பார்த்து. நாய்க்கு நம்மைப் போல உடம்பு முழுக்க வியர்க்காது. மூச்சிரைத்துத்தான் சூட்டை வெளியேற்ற வேண்டும். காற்றில் ஈரப்பதம் அதிகமுள்ள கடலோர ஊர்களில் அதுவும் சரியாக வேலை செய்யாது. அதனால் காலை சீக்கிரம் அல்லது சூரியன் இறங்கிய பிறகு நடக்கும் வகுப்பாகப் பாருங்கள். பக், ஃப்ரெஞ்ச் புல்டாக், ஷிட்ஸு போன்ற சப்பை மூக்கு நாய்களுக்கு மூச்சே ஏற்கெனவே திணறல். ஓட்டப் பயிற்சியைத் தவிர்த்து, ஃபேன் ஓடும் ஹாலில் மோப்ப விளையாட்டு போதும். நடை தடுமாறுவது, ஈறு அடர் சிவப்பாவது, எச்சில் கெட்டியாக வடிவது தெரிந்தால் உடனே நிறுத்தி, நிழலுக்குக் கொண்டுபோய் உடம்பைச் சாதாரணத் தண்ணீரால் நனைத்துக்கொண்டே மருத்துவமனைக்குக் கிளம்ப வேண்டும்.

களம் எப்படி என்றும் பாருங்கள். புல் அல்லது மண் தரை நல்லது. சிமென்ட் தரை, மொட்டை மாடி, வழுக்கும் டைல்ஸ் வேண்டாம். சுற்றிலும் வேலி கட்டாயம். அதுவும் சிப்பிப்பாறை, ராஜபாளையம் வளர்ப்பவர்கள் வேலி இல்லாத இடத்தில் லீஷைக் கழற்றவே கூடாது. தூரத்தில் ஏதாவது அசைந்தால் போதும், கூப்பிடும் குரல் காதில் ஏறும் முன் நாய் அடுத்த தெருவில் இருக்கும்.

தெருவிலிருந்து எடுத்து வளர்க்கும் நாட்டு நாய்க்கு இதெல்லாம் ஒத்துவருமா என்ற சந்தேகம் பலருக்கு உண்டு. தாராளமாக ஒத்துவரும். மெலிந்த உடம்பு, சுறுசுறுப்பு, வெயில் தாங்கும் பழக்கம். நம்பிக்கை வர மட்டும் கொஞ்சம் நாள் பிடிக்கும். பயிற்சியை அதன் வேகத்துக்கு விட வேண்டும்.

கடிக்கும் நாய்க்கு இது மருந்தா?

இல்லை. 2024 மே மாதம் சென்னை ஆயிரம் விளக்கு பகுதியில் உள்ள மாநகராட்சிப் பூங்காவில் 5 வயதுச் சிறுமியை இரண்டு ராட்வைலர் நாய்கள் கடித்த சம்பவத்துக்குப் பிறகு, நாய் வளர்ப்பவர்கள் மத்தியிலும் அக்கம்பக்கத்தினர் மத்தியிலும் பயம் கூடியிருக்கிறது. பயிற்சிக்கு அனுப்பினால் எல்லாம் சரியாகிவிடும் என்று சிலர் நம்புகிறார்கள். ஏற்கெனவே மனிதரையோ மற்ற நாயையோ கடித்த, கடிக்கப் பாய்ந்த நாயை ஆறு நாய்கள் இருக்கும் குரூப் வகுப்பில் விடுவது எல்லோருக்கும் ஆபத்து. அப்படிப்பட்ட நாயை முதலில் மருத்துவரிடம் காட்ட வேண்டும், ஏனென்றால் வலியே காரணமாக இருக்கலாம். அடுத்து, நடத்தைப் பிரச்னைகளைப் பார்க்கும் நிபுணரிடம் தனியாகப் பயிற்சி. மாநகராட்சி உரிமம், ரேபிஸ் தடுப்பூசி, வெளியே போகும்போது லீஷ், வாய்க்கவசம் ஆகியவற்றுக்கு எந்த வகுப்பும் மாற்று அல்ல.

பயிற்சியாளரை எப்படித் தேர்ந்தெடுப்பது?

நாய் இல்லாமல் போய் ஒரு வகுப்பைப் பாருங்கள். பார்க்க அனுமதிக்காவிட்டால் அந்த இடம் வேண்டாம். ‘நாயை விட்டுட்டுப் போங்க, ஒரு மாசத்துல ரெடி பண்ணித் தர்றோம்’ என்று சொன்னாலும் யோசியுங்கள். வகுப்பின் பாதிப் பலன் ஓனர் கற்றுக்கொள்வதில் இருக்கும்போது, ஓனரே இல்லாத வகுப்பில் என்ன கிடைக்கும்?

கையில் என்ன வைத்திருக்கிறார் என்று பாருங்கள். ட்ரீட் பையா, முள் பட்டையா? 2020-ல் வெளியான போர்ச்சுகல் ஆய்வு ஒன்றில் போர்ட்டோ நகரப் பயிற்சிப் பள்ளிகளைச் சேர்ந்த 92 நாய்களை ஆராய்ந்தார்கள். சுண்டி இழுப்பது, அதட்டுவது, ஷாக் கொடுப்பது போன்ற தண்டனைகளை அதிகம் பயன்படுத்திய பள்ளிகளின் நாய்களிடம், பரிசு கொடுத்துப் பழக்கிய பள்ளிகளின் நாய்களைவிட, மன அழுத்த அறிகுறிகள் அதிகம். பயிற்சிக்குப் பின் எச்சிலில் கார்டிசாலும் கூடியிருந்தது. மேலே சொன்ன கிண்ணச் சோதனை போன்ற ஒன்றில் அவை நம்பிக்கை குறைந்தும் இருந்தன. நான்கு வார்த்தை அதட்டினால்தான் நாய் படியும் என்பவர்களுக்கு இது பதில்.

இன்னொரு சின்ன டெஸ்ட் உண்டு. வகுப்பு முடிந்து மற்ற நாய்கள் எப்படி வெளியே வருகின்றன என்று கேட் அருகே நின்று கவனியுங்கள். வாலைக் காலுக்குள் இடுக்கிக்கொண்டு, வண்டியை நோக்கி ஓனரை இழுத்துக்கொண்டு போகின்றனவா? அல்லது வாயைத் திறந்து, உடம்பு தளர்ந்து, ஓனரின் முகத்தை அண்ணாந்து பார்த்துக்கொண்டு வருகின்றனவா? அடுத்த வாரம் அதே நாய்கள் அதே கேட்டுக்குள் நுழையும்போது எப்படி நுழைகின்றன என்பதையும் பார்த்துவிட்டுப் பணம் கட்டுங்கள்.